சுணக்கம்

இரவு எட்டே முக்கால். உவர்மலையில் காற்று இல்லை.
லீட்ஸ் நகரத்தில் யாரோ ஒருவருடைய கடைவாய்ப்பல்
என் திரையில் பாதி இறங்கி நிற்கிறது.
வேர் இன்னும் வரவில்லை.
வேரைக் காணாமல் காப்புறுதிக் காசுக்கு
ஓமென்றும் சொல்ல ஏலாது, இல்லையென்றும் ஏலாது.

மேற்பார்வையாளர் கிளேர் மிகப் பண்பாக எழுதுகிறார்:
உங்கள் தீவின் இணையம் இப்படித்தானா, மாதங்கி?

தீவைச் சொல்லாதே, கிளேர்.
என் படலை வரை வருவது கண்ணாடி இழை, ஒளி ஓடுகிற இழை.
வீபீஎன்னை நிறுத்திப் பார்த்தேன்: தொண்ணூற்று நாலு.
போட்டுப் பார்த்தேன்: பதினொன்று.
நிறுத்தி, போட்டு, நிறுத்தி,
நாலாந்தரம் கோணேசரை நினைத்துக்கொண்டு போட்டேன்.
பதினொன்று.

மறுநாள் பின்னேரம் கிண்ணியாப் பாலம் கடந்து நிப்ராஸ் வந்தான்.
ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பே
ரவுட்டரின் முதுகில் புறங்கையை வைத்தான்,
பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பது மாதிரி.

"கொம்பனி சும்மா தந்த பெட்டி அக்கா,
இதுக்குள்ள இருக்கிற மூளை கல்குலேட்டருக்குத் தம்பி.
சும்மா போற சாமானை இது பார்க்கிறதே இல்ல,
பக்கத்தில ஒரு குறுக்குப்பாதை இருக்கு, அதால தள்ளிவிட்டிரும்.
பூட்டுப் போட்டுத் தா எண்டு கேட்டாத்தான்
ஒவ்வொண்டையும் கையில எடுக்கவேணும்."

எனக்குச் சோதனைச்சாவடி ஞாபகம் வந்தது.
ஐம்பது பேர் இறங்கி நிற்கிற பஸ். ஒரு மேசை.
ஒவ்வொரு பையாகத் திறக்கிற ஒரேயொரு கை.
மேசைக்கு அந்தப்பக்கம்
தெரு வெறிச்சென்றுதான் கிடந்தது.
தெருவில் ஒரு பிழையும் இருக்கவில்லை.

அதைச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.
"அது திறந்தது அக்கா. இது மூடுது."

பிறகு பூட்டு வேலையை ரவுட்டரிடமிருந்து பறித்து
என் லப்டொப்பிடம் கொடுத்தான்.
அதற்கு இந்தக் கணக்கு மனப்பாடமாம்.
எழுபத்தொன்று.
பிளேன்டீ வேண்டாம் என்றுவிட்டுப் போனான்.

அவன் சொன்னது முழுக்கச் சரியில்லை என்று
இரவு வேலைக்கு இருந்தபோது பட்டது.
லீட்ஸில் கட்டியதை இந்தப் பெட்டி
இங்கே அவிழ்க்கவும்தானே செய்தது?
ஒரு மனிதனின் பல், பிறந்த தேதி, வங்கி இலக்கம்
ஆயிரத்துச் சொச்சம் பைட்டுகளாக நறுங்கி வர,
ஒவ்வொரு நறுக்குக்கும் ஒரு கணக்கு,
உறையின் தடிப்பில் உள்ளே இடம் போதாமல்
மிஞ்சிய துணுக்குக்கு இன்னொரு உறை, அதற்கும் ஒரு கணக்கு.
நாலு கை இருந்தாலும்
ஒரு கையால் மட்டுமே செய்யப் பழகிய மென்பொருள்.
அவிழ்த்ததுதான்.
ஆனால் வழியில் நின்ற ஒருவருக்கும் காட்டாமல் கொண்டுவந்து
வீட்டுக்குள் வைத்து,
நான் கேட்டபடியால் அவிழ்த்தது.

அந்த மேசையில் என்னை ஒருவரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அந்தப் பெட்டியைப் பார்க்க
ஒரு மாதிரியாக இருந்தது.
இரண்டு மாதம் தட்டியிருக்கிறேன். ஏசியிருக்கிறேன்.
ஒருமுறை செருப்பால் கூட.

ஒன்பது மணிக்குப் பல் முழுதாக இறங்கியது.
வேரடியில் சீழ், ஒரு மிளகளவு.
ஓம் போட்டேன்.

கிளேர் எழுதினார்: இணையம் சரியாகிவிட்டது போலிருக்கிறதே!
இணையத்துக்கு எப்போது பிழை வந்தது என்று தொடங்கி
ஏழு வரி தட்டினேன்.
அழித்தேன்.
நன்றி என்று மட்டும் அனுப்பினேன்.

விடியப்புறம் தண்ணீர் குடிக்க எழும்பியபோது
ரவுட்டர் ஆறிக் கிடந்தது.
அதன் காற்றுத்துளைகளிலிருந்து எறும்புகள் வெளிக்கிட்டிருந்தன.
இவ்வளவு நாளும் அந்தச் சூட்டில் குடியிருந்திருக்கின்றன,
எனக்குத் தெரியாது.
வாயில் ஆளுக்கொரு வெள்ளை முட்டை.
சுவரோரம் ஒற்றை வரிசை,
ஒன்றும் ஒன்றை முந்தாமல்,
மேசையைச் சுற்றி, வயரில் ஏறி,
லப்டொப்பின் சார்ஜரை நோக்கி.